படிக்கட்டு இல்லாத மெத்தை

— கையைக் குடுங்க மொதலாளி. மேல்படி கொஞ்சம் ஆடும். ஜன்னல் கட்டையைப் புடிச்சுக்குங்க.

— அட போய்யா விநாயகம்! விக்கிற வூட்டை ஏணி போட்டு ஜன்னல் வழியா ஏறி வந்து பாக்கறவன் இந்தச் செஞ்சியிலேயே நான் ஒருத்தன்தான். மண்டிக்காரன் கோதண்டராமன் திருடப் போனான்னு அனந்தபுரம் பூரா சிரிக்கப் போவுது.

— உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. நடுவுல ஒரு தூணு இருக்குதா? தடுப்பு இருக்குதா? ஒரே கூடம். கல்யாணமே பண்ணலாம். அந்த ஜன்னலைத் தொறந்தா ராஜகிரி மலை மூஞ்சியில வந்து இடிக்கும்.

— இடிக்குது, இடிக்குது. காத்தும் பிச்சிக்கினு வருது. மண்டிக்கு வர்ற நெல்லு, மல்லாட்டை மூட்டையெல்லாம் அடுக்கிப்புட்டு, மிச்ச எடத்துல நான் படுத்துத் தூங்கலாம். அதான் கேக்கறேன், மாடின்னு கட்டினா படி வேணாமா? இம்மாம் பெரிய மெத்தைக்குப் படிக்கட்டு எங்கய்யா?

— அதோ, அந்தப் புதுச் செவுத்துக்குப் பின்னால.

— இன்னாய்யா சொல்ற?

— பாகம் பிரிச்சப்ப, வழக்கப்படி எங்கண்ணன் முருகையன் ரெண்டு பங்கா வகுத்தாரு. எளையவன் நான் மொதல்ல எடுத்தேன். காத்துக்கும் வெளிச்சத்துக்கும் ஆசைப்பட்டு மெத்தைன்னுட்டேன். படி யாரு பங்குன்னு ஒருத்தன் வாயைத் தொறக்கல. அது கீழ் வூட்டுக்குள்ள நிக்குது. தை மாசம் ஒருநாள் கொல்லையில அறுப்பு வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வந்து பாத்தா, செவுரு எழுப்பிட்டாரு.

— கூடப் பொறந்தவனா அவன்? ஆமா, அந்த மூலையில படுத்திருக்கறது யாரு?

— எங்கம்மா. ஆடியில வழுக்கி வுழுந்து இடுப்பெலும்பு போயிடுச்சி. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கினு போகணும், இல்லன்னா பொழைக்காதுன்னுட்டாரு டாக்டரு.

— நாற்காலியில கட்டி, கவுறு போட்டு ஜன்னல் வழியா எறக்கறது?

— செஞ்சி பாத்தாச்சு. ஜன்னலைத் தாண்டறதுக்குள்ள வலி தாங்காம மயக்கம் போட்டுடுச்சி. நாலு பேரு கட்டிலோட மட்டமாத் தூக்கிப் படியில எறக்கினாத்தான் உண்டு.

— அப்ப செவுத்தை இடிக்க வேண்டியதுதான?

— கடப்பாரையை எடுத்தேன். அந்தாண்ட செவுத்துல முதுகை வெச்சுக் குந்திக்கினாரு. கால்ல வுழுந்தேன். அவரும் அழுவறாரு. ஆனா செவுத்துல கை வெக்க வுட மாட்டேங்கறாரு. பெத்தவ மேல கெடந்து முனகறா, கீழ குந்திக்கினு அழுதா ஆச்சா? கல்நெஞ்சுக்காரன்! அதான் உங்களுக்கு விக்கறேன். அவரு வெள்ளாமை மொத்தமும் உங்க மண்டிக்குத்தான் வருது, உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு. வெலை நான் பேசல, குடுக்கறதைக் குடுங்க. செவுத்தை மட்டும் எடுக்க வெச்சிடுங்க மொதலாளி.

— இரு, இப்பவே எறங்கிப் போயி நாலு வார்த்தை கேக்கறேன் அந்தப் பயலை.

— யப்பா மொதலாளி, பெரியவனை ஒண்ணும் சொல்லாதீங்க.

— அம்மா, நீ பேசாதே. வலிக்கும்.

— வலிக்கட்டும். சின்னவனே, மார்கழியில அருவாளைத் தூக்கினு அந்தப் படியிலதானடா எறங்கின? நான் குறுக்க வுழலன்னா உங்கண்ணன் கழுத்து இருக்குமா?

— அது... பாகத் தகராறுல, ஏதோ கோவம்.

— அந்தக் கோவம் திரும்பி வராதுன்னு எனக்கு யாரு சொன்னா? ஒருத்தன் சுடுகாட்டுக்கும் ஒருத்தன் செயிலுக்கும் போனா, நான் எந்தப் பக்கம் போறது? நான்தான் அவனைத் துரோபதையம்மன் கோயிலுக்குக் கூட்டினு போனேன். கற்பூரம் ஏத்தி, அவன் புள்ளை தலையில அடிச்சிச் சத்தியம் வாங்கனேன். செவுத்தை எழுப்பு, எடுக்காதே, நான் சொன்னேன்னு தம்பிக்குச் சொல்லாதேன்னு. கெழவி நான் இனிமே எங்க எறங்கப் போறேன்னு நெனைச்சிட்டேன்.

— அய்யோ அம்மா! தெருவுல நின்னு அவரை நான் என்னென்ன பேசிட்டேன்...

— இதுக்கு ஏம்மா அழுவறீங்க? நீங்க வாங்கின சத்தியம்தான? திருப்பிக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நானே போயி இடிக்கறேன்.

— வாயால சொன்னாத் தீராதாம் சாமி. பால்காரி கிட்டச் சொல்லிப் பூசாரியைக் கேட்டுட்டேன். சத்தியம் வாங்கனவளே கோயிலுக்கு வந்து, அம்மன் முன்னாடி நின்னு திருப்பிக் குடுக்கணுமாம்.