ஒன்றில் முடியும் விலை

— ஒன்பதில முடிச்சா வியாபாரம், ஒண்டில முடிச்சா சதியோ பிள்ளை? நல்லாயிருக்கு உங்கட கவுண்மேந்துக் கணக்கு.

— நான் அப்பிடிச் சொல்லேல்லை, கிளடிஸ் அன்ரி. எல்லாரும் பெற்றோல் விலையை எங்கட ஒஃபிசுக்கு அனுப்பினம், நாங்கள் வெப்சைட்டில போடுறம். ஸ்காபரோ முழுக்க ஒரு லிற்றர் இத்தினை சதம், தசம் ஒன்பது எண்டுதான் முடியுது. தசம் ஒண்டில முடியிறது ரெண்டே ரெண்டு. மோர்னிங்சைட்டில உங்கட. மார்க்கம் றோட்டில யேசுரட்ணம் எண்டவற்ற. ஒவ்வொரு நாளும் அச்சொட்டா ஒரே விலை.

— நிரோஷினி எண்டுதானே பேர் சொன்னனீர்? கலியாண வீட்டுக்கு உங்கட வீட்டில என்வலப்புக்க எவ்வளவு வைப்பினம்?

— அம்மா நூற்றியொண்டு வைப்பா. அந்த ஒரு டொலர் கொயினை ரேப் போட்டு ஒட்டுவா.

— அதுதான் பிள்ளை. பூச்சியத்தில முடிச்சு ஆருக்கும் ஒண்டும் குடுக்கிறேல்லை. எங்கட அப்பர் பழக்கினது. வாசல்ல நிக்கிற என்ர விலை போர்ட்டும் அப்பிடித்தான்.

— அப்ப அவற்ற போர்ட்?

— அவருக்கும் அதே அப்பர்தானே.

— உங்கட அண்ணாவா? ஓ நோ. அன்ரி, ரெண்டு பேரும் ஃபோனில கதைச்சு விலை வச்சா அது குற்றம். அபராதம் கட்டினாப் பிறகு இந்தக் கடை மிஞ்சாது.

— கதைச்சாத்தானே குற்றம்? நாங்கள் கதைச்சுப் பன்னிரண்டு வருசம். ஃபோன் பில்லெல்லாம் தாறன், கொண்டுபோய்ப் பாரும்.

— ஏன் கதைக்கிறேல்லை?

— இந்தப் பெற்றோல் செட் ரெண்டு பேரும் சேந்து நடத்தினது. பெரிய கொம்பனி ஒண்டு போர்ட்டில தங்கட பேரைப் போடச்சொல்லி வந்தது. அவர் ஓம் எண்டார், நான் ஏலாது எண்டன். "உனக்கு அண்ணன் பெரிசோ, போர்ட் பெரிசோ?" எண்டு கேட்டார். போர்ட் எண்டிட்டன். என்ர வாய் அப்பிடி.

— பிறகு?

— பிறகென்ன, கோவிச்சுக்கொண்டு போய், தானும் கொம்பனிப் பேர் இல்லாமல்தான் திறந்தவர். இந்த றோட்டாலயே வாறேல்லை. எழுதும் பிள்ளை, எனக்குப் பயமில்லை. முன்னால நிக்கிற கொம்பனிக்காரன் உங்கட வெப்சைட்டைப் பாத்து, பத்து நிமிசத்தில என்ர விலைக்குக் கீழ போறான். அவனுக்கே பயப்பிடாதனான்.

— கடைசி இலக்கம் ஒண்டு எண்டது ஓகே. முழு விலையும் எப்பிடி ஒண்டாகுது? நீங்கள் ஆறு மணிக்கு அனுப்புறீங்கள். ஆறு பத்துக்கு அவரும் அதே விலை.

— அதை அவரைக் கேளும்.

— நேற்றுக் கேட்டனான். "வெப்சைட்டைப் பாத்துப் போடுறன், அதுக்குத்தானே வச்சிருக்கிறியள்" எண்டார். அது குற்றமில்லை. ஆனா மாசியில மூண்டு நாள் நீங்கள் விலை அனுப்பேல்லை, அவரும் மாத்தேல்லை. அதுதான் பேசி வச்ச மாதிரி இருக்கு.

— மாசியிலயோ? நான் ஆஸ்பத்திரியில. பித்தப்பை எடுத்தது. கடை பூட்டு. அவருக்கு எப்பிடித் தெரியும், நான் ஒருதருக்கும் சொல்லேல்லையே.

— தெரியாமத்தான் இருந்திருக்கிறார். அந்த மூண்டு நாளும் எங்கட ஒஃபிசுக்குப் பதினொரு தரம் ஃபோன் எடுத்திருக்கிறார், மோர்னிங்சைட் விலை ஏன் வரேல்லை எண்டு. உங்களுக்கு எதிரான கொம்ப்ளெயின்ற் எண்டு பதிஞ்சு வச்சிருக்கினம். கடைசிக் கோலில மட்டும் வேற கேட்டிருக்கிறார்.

— என்னவாம்?

— "விலை வேண்டாம். அவ எழும்பி நடமாடுறாவோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

— பதினொரு தரமோ எடுத்தவர்?

— ஓம் அன்ரி, அழாதேங்கோ. ஃபைலை மூடலாம். நீங்கள் கதைக்கேல்லை எண்டதுக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்தாங்கோ, ரிஷ்யூ.

— உந்த ரிஷ்யூவை அங்கால வையும். முதல் இண்டைய விலையை ஒருக்கா மாத்துவம். நூற்றிநாப்பது தசம் பூச்சியம்.

— பூச்சியமா? இப்பதானே...

— ஓம். பூச்சியத்தைக் கண்டா மனுசன் பதறியடிச்சு நேர இஞ்ச வருவார். தேத்தண்ணி வைக்கிறன், நீரும் இருந்து பாரும். விலையைப் பற்றி ஒரு சொல் கதைச்சா, எழுதிக்கொண்டு போம்.