கராபலோ ஆற்றில் பூஜ்யம்

எங்கள் கணினித் தொழிலில் எல்லா நிரலையும் தானே எழுதுகிறவனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை, விசாரணை அதிகாரி அம்மா. நமக்கு வேண்டியதை உலகத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்து வைத்திருப்பார். அதைத் தேடி எடுத்து, நம் வேலைக்கு ஏற்ப வெட்டி ஒட்டுகிறவன்தான் பிழைக்கத் தெரிந்தவன். இருபத்திரண்டு வருடமாக நான் அப்படித்தான் பிழைக்கிறேன். அதில் திருட்டு ஒன்றும் இல்லை. கொடுத்தவர்கள் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: மேலே இருக்கிற பெயரையும் உரிமக் குறிப்பையும் அழித்துவிடாதே.

பியெத்ராலெஸ் நகராட்சிக்கு வெள்ள சைரன் செய்து கொடுத்த நிறுவனத்தில் நான்தான் நிரல் எழுதியவன். கராபலோ பொல்லாத ஆறு. மலையில் மழை கொட்டினால், ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும். அதனால் மேலே ஒரு சென்சார் வைத்தோம். ஆற்றின் உயரம் மூன்று மீட்டரைத் தாண்டினால் ஊரில் சைரன் அலறும். அது அலறியதும் கரையேற இருபது நிமிடம் கிடைக்கும். குழந்தை குட்டிகளோடு ஏறுவதற்கும் அது போதும்.

அந்த நிரல் என்னுடையதல்ல. பாஸ்தோ நகரத்தில் ராக்கேல் குவாஸ்கேர் என்று ஒரு தொழிற்கல்லூரி ஆசிரியை இருக்கிறார், அவர் எழுதியது. முப்பத்தொரு கோப்புகள். ஒவ்வொன்றின் தலையிலும் பத்து வரி. அவர் பெயர், வருடம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். இந்த வரிகளை மட்டும் நீக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் இந்த முகவரிக்கு எழுதுங்கள். கருவியை இயக்கும்போதெல்லாம் திரையில் முதலில் அந்தப் பெயரும் முகவரியும்தான் வரும். அழகான வேலை. படிக்கப் படிக்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் முதலாளி தோன் அல்சீதெஸ் ஒருநாள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"யாருய்யா இந்தப் பொம்பள?"

"இத எழுதினவங்க. பேர எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க."

"நல்லாருக்கு போ. முழுக்க எங்க சொந்தச் சரக்குன்னு டெண்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்கிறேன். மேயர் இதப் பாத்தா, ஓசியில கெடக்கிறதுக்கு உங்களுக்கு எதுக்குய்யா காசுன்னு கேக்க மாட்டாரா? பத்து வரிதானே, சுரண்டிப் போடு."

ஓடுகிற வரிகள் அல்ல அவை, அம்மா. கணினி அவற்றைப் படிப்பதே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் முப்பத்தொன்றையும் முடித்துவிட்டேன். காலியாக விட்டால் மொட்டையாகத் தெரிந்தது. அதனால் அந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதை முதலாளி சொல்லவில்லை. அடுத்த வாரம் நோட்டரி முன்னால் போய், இது என் சொந்த ஆக்கம் என்று சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டேன்.

பயம் அன்றைக்கு ஆரம்பித்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க மாட்டேன். அந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டாரா என்று பார்க்க, தினமும் காலையில் அவருடைய இணையப் பக்கத்தைத் திறந்து படிப்பேன். அவர் எழுதியதை இந்த நாட்டில் என்னளவு கவனமாகப் படித்தவன் வேறு யாரும் இருக்க முடியாது.

அதனால் அவருடைய எச்சரிக்கையையும் வந்த அன்றே படித்தேன். வெள்ளம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வாரம் முன்பு. எளிமையாகத்தான் எழுதியிருந்தார். சென்சார் மேல் சேறு அடித்தால் அளவு பூஜ்யத்தில் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது, சைரன் ஒலிக்காது, தவறு என்னுடையது, திருத்தம் இதோ. திருத்தம் போடும் வரைக்கும், திரையில் பூஜ்யம் கண்டால் மின்சாரத்தை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுங்கள், சரியாகிவிடும். என்னிடம் சொல்லாமல் எடுத்தவர்கள் இருந்தால் எனக்குக் கோபமில்லை, இதை மட்டும் செய்துவிடுங்கள்.

திரையில் முகவரியைப் பார்த்து ஒன்பது ஊர்க்காரர்கள் அவருக்கு எழுதியிருந்தார்களாம். ஒன்பது ஊருக்கும் அவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். பத்தாவதாக ஓர் ஊர் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் திரையில்தான் என் பெயர் வந்துகொண்டிருந்ததே.

திருத்தம் போட வேண்டுமென்றால் கருவிப் பெட்டியில் நகராட்சி வைத்த சீலை உடைக்க வேண்டும். உடைத்தால் தணிக்கையாளர் பழைய நிரலையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்ப்பார், யாருடையது என்று தெரிந்துவிடும். சரி, பூஜ்யம் வந்தால் அணைத்துப் போடுங்கள் என்று ஒரு கடிதமாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் கிழித்தேன். இது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள் அல்லவா? கோடைதானே, மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் தோன்யா நூபியா. மாத்திரை அட்டைக்குப் பின்னால் அச்சடித்திருப்பதைக்கூட விடாமல் படிக்கிற மனுஷி. திரையில் ஒரு முகவரி இருந்திருந்தால் முதல் வாரமே கடிதம் போட்டிருப்பார். நான் பராமரிப்புக்குப் போகும் நாளில் எனக்கென்று பன்தெபோனோ ரொட்டி சூடாக வாங்கி வைத்திருப்பார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த ஞாயிறு நல்ல வெயில். ஊரே பானையும் விறகுமாகக் கரைக்குப் போய் சங்கோச்சோ குழம்பு வைத்துக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பேசினோம். அது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பன்னிரண்டு மணி தாண்டியதும் தண்ணீர் வந்தது. சைரன் ஒலிக்கவில்லை. பத்தொன்பது பேர் போய்விட்டார்கள். அதில் ஒருவர் தோன்யா நூபியா. படியிறங்கிக் கரைக்கு ஓடி, மேலே ஏறுங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தாராம். மேல்கரையில் இருந்தவர்கள் அவர் சொல்லித்தான் பிழைத்தார்கள்.

அந்த அழைப்பில் மழை வருமா என்று கேட்டார், பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது பொய். போன வெள்ளிக்கிழமை குவாஸ்கேர் அம்மாள், செய்தியில் விஷயம் தெரிந்து, என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பெயரை அழித்ததைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டவும் இல்லை. "கட்டுப்பாட்டு அறையில இருந்த அம்மாவுக்கு சுவிட்ச அணைச்சுப் போடற விஷயம் தெரியுமாய்யா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதார். அதற்குப் பிறகு என்னால் தூங்க முடியவில்லை. ஆகவே தோன்யா நூபியாவும் நானும் பேசியதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

"எஞ்சினியர் தம்பி, மலை கறுத்துக் கெடக்கு. திரையில பூஜ்யம்னே நிக்குது. பூஜ்யம்னா ஆத்துல பொட்டுத் தண்ணி இல்லன்னுதானே அர்த்தம்? சன்னல்ல பாத்தா ஓடிக்கிட்டுல்ல இருக்கு."

அவரே தொடர்ந்தார்.

"எங்க வீட்டு டிவி இப்பிடி மொரண்டு புடிச்சா பிளக்கப் புடுங்கிச் சொருகுவேன், சரியாயிரும். இதையும் ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாக்கட்டுமா?"

அவராகவே சொன்னார், அம்மா. நான் ஆகட்டும் என்று சொன்னால் போதும். ஆனால் அணைத்துப் போட்டால் சைரன் அலறும். ஏன் முதலிலேயே அலறவில்லை என்று கேட்பார்கள். சீலை உடைப்பார்கள். முப்பத்தொரு கோப்பையும் விரித்து வைப்பார்கள்.

"தொடாதீங்க, தோன்யா நூபியா," என்றேன். "நகராட்சி சீல் வச்ச பொட்டி. ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலை போயிரும். பூஜ்யம்னா பூஜ்யந்தான்."

"எனக்கு என்னமோ பயமா இருக்கு தம்பி," என்றார்.

எனக்கு அவரைவிடப் பயமாக இருந்தது. அவருக்கென்ன பயம், அவர் ஒரு தப்பும் செய்யாதவர். அதை நீங்கள் கொஞ்சம் கருத்தில் கொள்ள வேண்டும், அம்மா.