அமிர்தவல்லியின் பார்வை

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கோயிலுக்கு வருகிறவர்களும் டிபன் சாப்பிட வருகிறவர்களும் அடைத்துவிடுவார்கள். அதனால் என் வீட்டுக்கு வருகிறவர்களை எப்போதும் பஸ்ஸில் வரச் சொல்லிவிடுவேன். நான்கு மணி என்றால் நான்கு மணி. தாமதமாக வந்து மணியடித்தால் கதவைத் திறக்க மாட்டேன். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

என் பெயர் காமாக்ஷி. வயது அறுபத்து மூன்று. ஒரு பெண்கள் பள்ளியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றேன். மயிலாப்பூரில் லிப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்தீர்களே, வீடு சுத்தமாகத்தானே இருந்தது?

‘தாழம்பூ பங்களா’ உங்களுக்குத் தெரிந்திருக்காது, இன்ஸ்பெக்டர். அப்போது நீங்கள் குழந்தை. முப்பது வருஷத்துக்கு முன்னால் வியாழக்கிழமைதோறும் டிவியில் வந்த தொடர். மலைமேல் ஒரு ஜமீன் பங்களா. ஜமீன்தாரின் முதல் மனைவி அமிர்தவல்லி கிணற்றில் விழுந்து செத்துவிடுகிறாள். அவர் இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டு வந்த அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுக்குள் நடமாடுகிறாள். யாரையும் தொடமாட்டாள், யாரோடும் பேசமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வாரத்தையும் நான் கேசட்டில் பதிவு செய்து வைத்தேன். எடுத்தவர்களிடமே இப்போது பிரதி கிடையாது.

பத்தொன்பதாம் பாகத்தில் அமிர்தவல்லி வெள்ளைப் புடவையில், கையில் விளக்கோடு மாடிப்படியில் இறங்கி வருவாள். ஒன்றரை நிமிடம் வசனம் இல்லை, இசைகூட இல்லை. அந்தக் கண்களை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. அம்மா செத்த வருஷம் தினமும் பார்த்தேன்.

இரண்டு வருஷமாக ஒரு சிறிய கூட்டம் என் வீட்டில் கூடுகிறது. பொன்னுரங்கம் அந்தத் தொடரில் மேக்கப் உதவியாளராக இருந்தவர், கோடம்பாக்கத்துக்காரர். அஃப்சருன்னிசா ராயப்பேட்டையில் இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சரண்யா கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண், திருவான்மியூரிலிருந்து வருவாள். ஞாயிறுக்கு ஒரு பாகம் பார்ப்போம். பிறகு காபி, பேச்சு. இரண்டாவது மனைவிக்கு ஆரம்பத்திலேயே உண்மை தெரியும் என்பது அஃப்சருன்னிசாவின் கட்சி. மாடிப்படிப் பார்வைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தோம். பழி என்றாள் சரண்யா. நான் துக்கம் என்றேன்.

போன மே மாதம் பொன்னுரங்கம் ஒரு அம்மாளைக் கையைப் பிடித்து மாடியேற்றி அழைத்துக்கொண்டு வந்தார். அமிர்தவல்லியாக நடித்த தேவானை அம்மாள்தான். ஆதம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறாராம். அறுபத்தெட்டு வயது. மூட்டு வலி. பெருத்த உடம்பு.

நான் யாரையும் உடம்பை வைத்து எடை போடுகிறவள் இல்லை. ஆனால் அவர் சாப்பிட்ட விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஜ்ஜியைச் சட்னியில் முக்கி, சட்னி மணிக்கட்டு வரை வழிய, அதை நக்கினார். வாயைத் திறந்து மென்றார். பிறகு பல்செட்டைக் கழற்றி என் டம்ளர் தண்ணீரில் அலசினார். மாவுத் துணுக்குகள் அதில் மிதந்தன. அந்த டம்ளரை அன்றே குப்பையில் போட்டுவிட்டேன். மற்ற மூவரும் சாமி வந்து உட்கார்ந்ததுபோல அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

சரண்யா பத்தொன்பதாம் பாகத்தைப் பற்றிக் கேட்டாள். அந்தப் பார்வைக்கு என்ன நினைத்துக்கொண்டு நடித்தீர்கள் என்று. தேவானை அம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“அட, அது பசிம்மா. அன்னிக்கு ஷூட்டிங்ல சாப்பாட்டு வண்டி வரல. காலைல குடிச்ச ஒரு டீதான். கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. கீழ விழுந்துடப் போறேன்னு ஒரே எடத்தப் பாத்துக்கினே எறங்கினேன். வேற இன்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குப் போய்க் கழுவிய டபராக்களையே மறுபடி கழுவினேன். கோபம் இல்லை. முப்பது வருஷமாக நான் பூஜை செய்த இடத்தில் ஒருவர் ஏப்பம் விட்டதுபோல இருந்தது. ஆனால் கை துடைக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அவர் சொன்னது உண்மையாக இருந்தால், அமிர்தவல்லி எங்கும் போய்விடவில்லை. அந்த உடம்புக்குள்தான் இருக்கிறாள். மேலே இவ்வளவு சோற்றைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அந்த மாதமே மகன் ராம்குமாருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. ஆறு மாதம்தான், அம்மாவை எங்கே விடுவது என்று அலைந்துகொண்டிருந்தார். என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அவர் குனிந்து என் காலைத் தொட்டார். ஜூன் இரண்டாம் வாரம் ஒரு சூட்கேஸோடு தேவானை அம்மாளைக் கொண்டுவந்து விட்டார். கட்டடத்து வாட்ச்மேனும் அவரும் சேர்ந்து நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிவந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் கீழே இறங்கவில்லை. யாராவது பிடித்துக்கொள்ளாமல் அவரால் இறங்க முடியாது. நான் பிடித்துக்கொள்ளவில்லை.

படிப்படியாகத்தான் செய்தேன். முதல் வாரம் நொறுக்குத் தீனியை நிறுத்தினேன். அவரே சந்தோஷப்பட்டார், மூட்டுக்கு நல்லது என்று. பிறகு ராத்திரிச் சாப்பாடு. பிறகு காலையில் கஞ்சி மட்டும், மத்தியானம் ஒரு கரண்டி ரசம் சாதம். ஆகஸ்டில் அந்தச் சாதமும் நின்றது. நீர்மோர் கொடுத்தேன், உப்புப் போட்டு. வெளியே போகும்போது சமையலறையைப் பூட்டிக்கொண்டு போவேன். வேலைக்காரியை நிறுத்திவிட்டேன். அவருடைய செல்போன் பேட்டரி உப்பிவிட்டது என்று எடுத்து வைத்தேன். உண்மையிலேயே கொஞ்சம் உப்பித்தான் இருந்தது.

தினமும் காலை பத்து மணிக்கு அந்தக் காட்சியைப் போட்டு, முகம் நிறைந்து வரும் இடத்தில் நிறுத்துவேன். தேவானை அம்மாளை டிவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, தாடையின் கீழே விரல் கொடுத்து நிமிர்த்திப் பார்ப்பேன். ஜூலையில் கழுத்து வந்தது. ஆகஸ்டில் கன்னத்து எலும்பு. வெள்ளைப் புடவைக்கு ஏற்ற ரவிக்கையை நான்கு முறை பிடித்துத் தைத்தேன். தோல் மட்டும் தொங்கியது. அதற்கு என்ன செய்ய முடியும்?

சனிக்கிழமை ராம்குமார் என் போனில் பேசுவார். ஒரு தடவை தேவானை அம்மாள், இங்கே சோறு போடமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதார். நான் போனை வாங்கி, உங்கம்மா டயட்ல இருக்கா, சாப்பாட்டு நினைப்பாவே இருக்கா என்றேன். மகன் சிரித்தார். அம்மாவுக்கு வாய்க்கட்டே கிடையாது ஆன்ட்டி, நீங்களாவது கண்டிப்பாக இருங்கள் என்றார். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எதையும் யாருக்கும் தெரியாமல் செய்யவில்லை. வாராவாரம் மூன்று பேர் வந்து அவரைப் பார்த்தார்கள்.

பொன்னுரங்கம் ஆகஸ்ட் கடைசியில் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

“அக்கா, முப்பது வருசம் எங்க போச்சுன்னே தெர்லக்கா. அப்டியே கீறே.”

சரண்யா போட்டோ எடுத்து அவளுடைய இன்டர்நெட் பக்கத்தில் போட்டாள். ஆயிரக்கணக்கானவர்கள் ரசித்தார்களாம். வயதே ஆகவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவள் படித்துக் காட்டும்போது தேவானை அம்மாள் சரண்யாவின் டிபன் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஃப்சருன்னிசாதான் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பின்னால் சமையலறைக்கு வந்தாள்.

“காமாக்ஷி, அவங்க வாயில ஒரு வாடை வருது. அழுகின பழம் மாதிரி. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டிண்டுதான் இருக்கேன்” என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியாது. கிளம்பும்போது பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து தேவானை அம்மாளின் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள். நான் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் தோலோடு கடித்து வாய் நிறைய அடைத்துக்கொண்டிருந்தார். நான் தாடையைப் பிடித்துத் திறந்து விரலை விட்டு எடுத்தேன். பல்செட் கழன்று அதோடு வந்தது. மஞ்சளும் எச்சிலுமாக என் கை முழுக்கக் கொழகொழவென்று ஆகிவிட்டது. இந்த விஷயத்தில் நான் செய்ததிலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது இது ஒன்றுதான். டெட்டால் ஊற்றி மூன்று தடவை கை கழுவினேன்.

அன்று அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“ஒரே ஒரு இட்லி குடு காமாக்ஷிம்மா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.”

யாரிடம் சொல்லமாட்டார், எதைச் சொல்லமாட்டார் என்று எனக்குப் புரியவில்லை. சாப்பிடுவது ஏதோ தப்புக் காரியம் என்ற எண்ணம் அவருக்கே வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. தலைப்பை விடுவித்துக்கொண்டேன்.

செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி பத்தொன்பதாம் பாகத்தின் முறை வந்தது. மூன்று பேருக்கும் முன்னதாக எதுவும் சொல்லவில்லை. ஹாலிலிருந்து என் படுக்கையறைக்குப் போகும் நடை பன்னிரண்டு அடி இருக்கும். அதன் கோடியில் தேவானை அம்மாளை நாற்காலியில் உட்கார்த்தியிருந்தேன். வெள்ளைப் புடவை கட்டி, தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தேன். நான்கு நாளாக வெறும் தண்ணீர்தான். எழுந்து நிற்க இரண்டு தடவை உதவினேன். கையில் விளக்கைக் கொடுத்து, நேராகப் பார்த்துக்கொண்டு வாருங்கள், வந்துவிட்டால் சாதம் போடுகிறேன் என்றேன். போட்டிருப்பேனா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். போட்டிருக்க மாட்டேன்.

டிவியில் அமிர்தவல்லி படியிறங்க ஆரம்பித்தாள். நான் ஹாலுக்கும் நடைக்கும் நடுவில் இருந்த கதவைத் திறந்துவிட்டேன்.

அவர் வந்தார். சுவரைத் தொடாமல் வந்தார். சரண்யா மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. கண்கள் எங்கள் ஒருவரையும் பார்க்கவில்லை, எங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஏதோ ஒரு இடத்தைப் பார்த்தன. டிவியிலும் நடையிலும் ஒரே பார்வை. அது பசி இல்லை, இன்ஸ்பெக்டர். அவர் சொன்னது தப்பு. நான் நேரில் பார்த்தேன்.

ஹாலின் நிலைப்படியில் விளக்கு கையிலிருந்து விழுந்து அணைந்தது. அவரும் அதன் மேலேயே மடிந்து விழுந்தார். பொன்னுரங்கமும் சரண்யாவும் கைதட்டினார்கள். அப்படியே சில விநாடிகள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் தட்டவில்லை. காட்சி முடிவதற்கு முன்னால் கைதட்டுவது எனக்குப் பிடிக்காது. அஃப்சருன்னிசா மட்டும் ஓடிப்போய் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு ரவிக்கையைத் தளர்த்தி விலா எலும்பைப் பார்த்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அந்த டம்ளரைக் குப்பையில் போட்டபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை அந்த மாடிப்படியில் திருப்பச் சிரமப்பட்டார்கள். ஆனால் கனமில்லை என்று ஒருவன் சொன்னான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். பதினைந்து வாரம் அடைத்து வைத்து, வேண்டுமென்றே உணவு கொடுக்காமல் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. அடைத்து வைத்தேன். கொடுக்கவில்லை. செத்துப்போவார் என்று செப்டம்பர் முதல் வாரமே எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம். கடைசிப் பத்து நாள் அவர் என்னிடம் சாப்பாடு கேட்கவே இல்லை. கேட்கத் தெம்பில்லாமல் போயிருக்கும் என்கிறாள் அஃப்சருன்னிசா. அவளுக்கு ரத்தத்தைப் பற்றித்தான் தெரியும். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது கடைசியில் அவருக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் கேட்கவில்லை.