இல்லாத மாடி

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் தன்னோடு வரச்சொல்கிறான், அதனால் திருப்பதி வீட்டை விற்கிறார்கள் என்பது புத்தூர் வருவதற்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மா சத்தமாகக் கேட்டார்.

"நம்ம வீட்டுக்கு மாடியே இல்லியாமே?"

"மெதுவா பேசுமே. வாங்கறவனோட பேங்க்குலருந்து இன்ஜினியர் வந்தான். பிளான்ல கீழ்வீடு மட்டும்தான் கீதாம். பர்மிஷன் இல்லாத மாடி கணக்குலயே வராதாம்."

"அப்ப இத்தினி வருசம் நாம எங்க படுத்துக்கினு இருந்தோம்? உன் புள்ள எங்க பொறந்தான், ஆகாசத்துலயா?"

"அப்பவே பர்மிஷன் வாங்கியிருக்கணும்."

"வாங்குய்யான்னு தலபாடா அடிச்சிக்கினேன். மலமேல கீற சாமி இன்னா பிளான் போட்டா கட்னாருன்னு கேட்ட."

கணவர் குரல் இறங்கிச் சொன்னார். "மாடிய இடிச்சிக் குடுத்தாத்தான் வாங்குவேன்றான். ஒவ்வொரு செங்கல்லும் நான் சொமந்ததுமே."

"இடிக்காத. கீழ்வீட்ட மட்டும் வித்துடு. நாம மாடில இருந்துக்கலாம். இல்லாத வீட்லருந்து எவன் நம்மள காலி பண்ணுவான்?"

"ஏறி எறங்க?"

"படிக்கட்டு பிளான்ல கீதா?"

"இல்ல."

"அப்ப அதுவும் நம்முளுதுதான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் மெதுவாக, "பையன்கிட்ட இன்னா சொல்றது?" என்றார்.

"வாங்க வந்தவன் ஓடிட்டான்னு சொல்லு. எனக்கு அங்க போவவே இஷ்டமில்ல."

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீ கேட்டாத்தானே?"