தங்கையன் ஏன் காலை ஊன்றினார்?

தள்ளாத வயதிலும் தளராத தோள்களால் இம்மன்றத்தைத் தாங்கி நிற்கும் தலைவர் சாரங்கபாணி அவர்களே! காலையிலிருந்து கண் பரிசோதனை முகாமைக் கனிவோடு நடத்திய மருத்துவர் ரிஃப்கா அவர்களே! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னைப் பார்க்கும் மூத்தோர்களே! பின்னிருக்கையில் அமர்ந்தே பாதி உலகத்தைப் பார்த்துவிட்ட தாய்மார்களே! உங்கள் அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

திருவிடைமருதூர் மூத்த இருசக்கர ஓட்டிகள் மன்றத்தின் முதலாண்டு விழாவில், கடைத்தெருவில் கிளட்ச் வயர் விற்கும் இந்த மீரா உசேன் கையில் மைக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். கொடுத்தது உங்கள் தவறு. விடாமல் பிடித்துக்கொள்வது என் உரிமை!

விதிகள் மாறுகின்றன. மாறட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? வயது ஏறினால் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். கேட்கட்டுமே! எதிரே வருவது லாரியா எருமையா என்று தெரியாமல் ஓட்டுகிறவர் இந்த அவையில் ஒருவர்கூட இல்லையா? கையைத் தூக்க வேண்டாம். உடைந்த இண்டிகேட்டரை மாற்ற என் கடைக்குத்தானே வருகிறீர்கள், எனக்குத் தெரியாதா!

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. முன்பு உரிமம் காலாவதியாகிச் சில ஆண்டுகள் போனாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். இப்போது ஓராண்டு தாண்டிவிட்டால், பழுத்த ஓட்டியும் பயிற்சிப் பள்ளிப் பிள்ளையும் ஒன்றுதான். மைதானத்தில் மறுபடியும் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் தோல்வி.

அந்த விதியில் அகப்பட்டவர், அதோ இரண்டாம் வரிசையில் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருக்கும் என் நண்பர் தங்கையன். எழுந்திருக்காதீங்கண்ணே, உட்காருங்க! பக்கத்தில் இருப்பவர் அவர் மனைவி மலர்க்கொடி அக்கா. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இருமுறை கும்பகோணத்துக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வாசலே கதியென்று கிடந்த மனிதருக்கு உரிமத்தின் தேதி நினைவில் நிற்குமா? நிற்கவில்லை. ஓராண்டும் தாண்டிவிட்டது.

"யாரு கேக்கப்போறாங்கண்ணே, சும்மா ஓட்டுங்க" என்று நான்தான் சொன்னேன். "வேணாம் பாய். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, இவளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா ஷேர் ஆட்டோவில் போகிறார். திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்க முடியாது. "குலுக்கி எடுத்துருது தம்பி. அவரு வண்டின்னா, எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். நான் பாட்டுக்குக் கண்ண மூடிக்கிட்டு வந்துருவேன்" என்கிறார். கண்ணை மூடினால் விழுந்துவிட மாட்டீர்களா என்று கேட்டேன். "அவரு விழ விட்டாத்தானே!" இப்படி ஒரு சான்றிதழை எந்த மருத்துவர் கொடுப்பார், சொல்லுங்கள்!

போன வாரம் தேர்வு. நானும் கூடப் போனேன். குறுவை அறுவடை நேரம். ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்று, யாரோ ஒரு விவசாயி மைதானத்துச் சிமெண்டுத் தரையில் நெல்லைப் பரப்பியிருந்தார். வெயில் விழுகிற இடமெல்லாம் நமக்குக் களம்தானே! எட்டின் ஒரு வளைவு நெல்லுக்குள் புகுந்து போகிறது. முன்னால் போன இளைஞர்கள் நறநறவென்று ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கையன் வந்தார். அழகாக வந்தார்; முதல் வளைவை அலுங்காமல் முடித்தார். நெல்லைக் கண்டதும் வண்டியை வெட்டி ஒடித்தார். தடுமாறினார். காலை ஊன்றினார்.

"கால ஊனிட்டீங்களே ஐயா" என்றார் அதிகாரி.

"நெல்லு கெடக்குங்க."

"எல்லாரும் ஏத்திட்டுத்தானே போனாங்க?"

"நமக்கு வராதுங்க."

அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். கால் பட்டதா இல்லையா என்று பார்ப்பது அவர் கடமை. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "நாலு நெல்லுக்காக அக்காவ ஆட்டோவுல அனுப்புறீங்களே!" என்று வாசலிலேயே கத்தினேன். அவர் வழி நெடுக, காலை ஊன்றியபோது வேட்டியில் ஒட்டிய நெல்லை எடுத்து மடியில் போட்டுக்கொண்டே வந்தார்.

சட்டமே, கேள்! கண் தெரிகிறதா என்று கேள். காது கேட்கிறதா என்று கேள். கை நடுங்குகிறதா என்று கேள். அத்தனைக்கும் பதில் சொல்கிறோம். ஆனால் காலை ஊன்றினாயா என்று கேட்கும்போது, ஏன் ஊன்றினாய் என்றும் ஒருமுறை கேள்! வழியில் கிடக்கும் நெல்லுக்கு விலகுகிறவன், வழியில் வரும் பிள்ளைக்கு விலக மாட்டானா? இவனை நம்பாமல் வேறு எவனை நம்பிச் சாலையை ஒப்படைப்பாய்?

கை தட்டியது போதும். நாம் கேட்பது சலுகை அல்ல. உரிமம் முடிவதற்கு முன்னால் கைபேசிக்கு ஒரு நினைவூட்டல். தவறினால் அன்றைக்கே இன்னொரு வாய்ப்பு. இவ்வளவுதான்.

நாளைக் காலை தங்கையனுக்கு மறு தேர்வு. என்ன அங்கே சத்தம்? "நாளைக்கும் நெல்லு கெடந்தா?" நல்ல கேள்வி கேட்டாய் செந்தில்குமார்! விடிந்ததும் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வாருங்கள். நெல்லை நாமே கூட்டி ஒதுக்குவோம், தேர்வு முடிந்ததும் நாமே பரப்பிக் கொடுப்போம். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டால்? அதை அக்காவிடம்தான் கேட்க வேண்டும். மைக்கை அங்கே கொடுங்கப்பா. சொல்லுங்கக்கா, நாளைக்கும் அண்ணன் காலை ஊன்றிவிட்டால்?

"ஊனட்டுமே. நான் ஆட்டோவுலயே போய்க்கிறேன். நெல்லு மேல வண்டிய ஏத்துற ஆளுக்குப் பின்னாடி என்னால உக்கார முடியாது தம்பி."

கேட்டீர்களா? இதோடு மைக்கை வைத்துவிடுகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. விடிந்ததும் மைதானத்தில் பார்ப்போம். வணக்கம்!