நிம்மி சொன்ன முப்பத்தெட்டு

அவைக்கு அணிசெய்யும் தலைவர் சென்னம்மா அவர்களே, மைசூருவில் தமிழ் பேசி மகிழும் பெரியோர்களே, பிள்ளையின் மூச்சுக்காக இன்ஹேலரைக் கைப்பையிலேயே சுமந்து திரியும் தாய்மார்களே, விருது பெற்ற நிம்மி அவர்களே, வணங்கித் தொடங்குகிறேன்!

வாழ்த்தத்தான் வந்தேன். ஆனால் வயிறு எரிகிறது! முன்வரிசையில் சிரிக்காதீர்கள் லிங்கப்பன், உண்மையாகவே எரிகிறது. நிம்மியும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று பூமாலை அவருக்கு, மைக் எனக்கு. பொறாமை வராதா? பொங்கிப் பொங்கி வரும்!

எங்கள் வேலை என்ன? இன்ஹேலர் பீச்சும் மருந்துத் துளியின் அளவைப் பார்ப்பது. பெருந்துளி தொண்டையிலேயே தங்கிவிடும். நுண்துளிதான் நுரையீரலை நெருங்கும். அடுக்கடுக்காய்த் தட்டுகள் வைத்த கருவிக்குள் மருந்தை அடித்தால், பெரியது மேல்தட்டில் ஒட்டும், சிறியது கீழ்த்தட்டுக்கு இறங்கும். ஒட்டுவதற்காகத் தட்டில் முன்பே பிசுபிசுப்பாக ஒரு பூச்சுத் தடவி உலர்த்த வேண்டும்.

போன வருடம் ஒரு மருந்துத் தொகுதி வந்தது. நிம்மியை முந்த வேண்டும், நிம்மியை மிஞ்ச வேண்டும்! பூச்சு உலரும்வரை யார் காத்திருப்பது? வெறும் தட்டிலேயே அடித்தேன். நுண்துளி நூற்றுக்கு அறுபது! மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மறுநாள் நிம்மி அதே மருந்தைச் சோதித்தார். முப்பத்தெட்டுதான், மருந்து தேறாத அளவு.

“மரியண்ணா, தட்டுக்குப் பூச்சு போட்டீங்களா?” என்று கேட்டார்.

“போடாம இருப்பனா? உன் மெஷினைப் போய்ப் பாரும்மா. சும்னே என்கிட்ட வராதே” என்று கன்னடம் கலந்து விரட்டினேன்.

பொய்! அவர் சாப்பிடப் போன நேரத்தில் பூச்சுப் பூசி மறுபடி அடித்தேன். முப்பத்தெட்டு! வெறும் தட்டில் பட்ட பெருந்துளிகள் ஒட்டாமல் துள்ளிக் கீழே போய், நுண்துளிகளோடு கணக்காகியிருக்கின்றன. சொன்னேனா? சொல்லவில்லை.

நிம்மி விடவில்லை. மூன்று நாள் மல்லுக்கு நின்று அந்தத் தொகுதியை நிறுத்தினார். அதற்குத்தான் இந்த விருது. பட்டயத்தில் ‘கருவியின் பிழையைக் கண்டறிந்தவர்’ என்று எழுதியிருக்கிறது. யார் பிழை என்று அவருக்குத் தெரியும், எவரிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மையிலுமா என்னை மிஞ்ச வேண்டும்? அதற்கும் பொறாமைதான் எனக்கு!

தாய்மார்களே, அந்த மருந்து வெளியே போயிருந்தால்? மூச்சு முட்டும் குழந்தை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கும். மருந்து தொண்டையோடு நின்றிருக்கும். கருவியா பிழை செய்தது? இல்லை! காற்றா பிழை செய்தது? இல்லை! இந்த மரியராஜ் செய்தான்!

நிம்மி, உட்காருங்கள், தடுக்காதீர்கள். நாளைக் காலை மேலாளரிடம் இதை எழுத்திலும் கொடுக்கப்போகிறேன். வேலை இருக்குமோ போகுமோ, தெரியாது. பட்டயத்தில் ‘கருவி’ என்ற இடத்தில் என் பெயரைப் போடுங்கள். எனக்கு எதற்கு ஐயா கைதட்டல்? அவருக்குத் தட்டுங்கள், இன்னும் பலமாக! வயிற்றெரிச்சலோடு நானும் தட்டுகிறேன். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!