வரப்பே வானம்

மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இராது என்பது, ஐயா, தாங்களும் அறிந்ததே. ஐப்பசி பிறந்தால் மரக்காணத்துப் பாத்திகள் யாவும் முழங்கால் அளவு நீரில் மூழ்கிவிடும். உப்பு வாரும் பலகைகள் கொட்டகையில் சாய்ந்து கிடக்கும். அத்தகைய ஓய்வு நாள் ஒன்றில்தான் நான் அந்த ஆட்டத்தை உருவாக்கினேன்.

நான் நாற்பத்து மூன்றாம் வயதில் எழுதப் படிக்கக் கற்றவன். முழுமையாகப் படித்து முடித்த முதல் நூல் ஒரு மாயக்கதை. குயிலாப்பாளையத்து விடுதியொன்றில் பெருக்கும் வேலை செய்யும் என் மனைவி சின்னப்பாப்பா, அங்கு தங்கியவர்கள் வேண்டாமென ஒதுக்கிய நூல்களிலிருந்து அதை எடுத்து வந்தாள். அக்கதையில் சிறகுடைய மாந்தர் முகில்களின்மேல் நின்று பந்தாடுவர். தவறி விழுந்தவர் மீள்வதில்லை. ஆதலால் ஒவ்வோர் அடியையும் உயிரை எண்ணியே எடுத்து வைப்பர்.

அதனை நான் எங்கள் அளத்துக்கு இறக்கினேன். ஒரு சாண் அகல வரப்பே வானம். பாத்தி நீரே பூமி. பலகையின் நீண்ட காம்பே சிறகு. அதைக் குறுக்கே பிடித்து நிலைகாத்து, அதனாலேயே பந்தைத் தட்ட வேண்டும். விதிகள் அனைத்தையும் என் கையாலேயே எழுதினேன். இருபத்தைந்து ஆண்டுகளாக “டேய் நடராசா” என்றழைத்த அளம், அன்றுமுதல் என்னை “வாத்தியாரே” என்றழைத்தது.

ஒரே ஒரு குறை இருந்தது. விழுந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் சிறந்த ஆட்டக்காரி ஜான்சி, இருபத்திரண்டு வயதினள், வேண்டுமென்றே குதித்து நீரில் கைகளை அடித்துக்கொண்டு, “ஐயோ, வாத்தியார் என்ன கொன்னுட்டாருப்பா” என்று நடிப்பாள்.

மாவட்ட விளையாட்டு விழாவில் சேர்க்கத் தகுமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். “கேம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா விழுந்தா என்னா ஆவுது? வெறும் ஈரம்தானே? ஞாயித்துக்கெழம இன்னொரு வாட்டி வர்றேன். அதோட சரி” என்றார். அவருடைய ஜீப்பின் பின்னே கீழ்புத்துப்பட்டு வரை மிதிவண்டியில் சென்றேன். அவர் நிறுத்தவில்லை.

“வுடு வாத்தியாரே, நமக்கு டைம்பாஸ்தானே” என்றான் தமிழ்வேந்தன். அவனும் ஆட்டக்காரன். அன்று முழுவதும் என்னால் உண்ண இயலவில்லை.

பாத்திகளுக்கிடையே உப்புநீர் இறைக்கும் குழி ஒன்றுண்டு. இரண்டு ஆள் ஆழம், அடியில் சேறு. மழைநீர் மூடிவிட்டால் பாத்தி எது, குழி எது என்று தெரியாது. ஆகவே குழியின் விளிம்பில் சிவப்புத் துணி கட்டிய சவுக்குக் கழியை நட்டுவைப்பது எங்கள் வழக்கம். அளத்தில் எவரும் நீரைப் பார்த்து இறங்குவதில்லை. கழியைப் பார்த்தே இறங்குவர். கழி இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பர்.

ஞாயிறு காலை அக்கழியைப் பிடுங்கிப் பன்னிரண்டு அடி தள்ளி நட்டேன். இன்னார் என்று எவரையும் நான் தேர்ந்தெடுக்கவில்லை. கதையிலும் அவ்வாறு தேர்ந்தெடுப்பதில்லை.

எப்போதும்போல் நானே நடுவராக நின்ற பிற்பகல் ஆட்டத்தில் ஜான்சி பந்தைத் தவறவிட்டாள். கழி எங்கிருக்கிறதென்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அதற்கு விலகி, சிரித்தபடி குதித்தாள்.

தலை மூழ்கி எழுந்தது. கைகள் நீரை அடித்தன.

“ஆக்டிங்க பாரேன். இன்னிக்கி ரொம்ப ஓவரா போவுது” என்றான் தமிழ்வேந்தன். அனைவரும் சிரித்தனர். அதிகாரியும் சிரித்தார். அது நடிப்பன்று என்பதை அங்கே அறிந்தவன் நான் ஒருவனே.

அவளுக்கும் எனக்கும் இடையே எட்டடி தொலைவு. என் கையிலிருந்த காம்பு பத்தடி நீளம். அவள் என்னைத்தான் பார்த்தாள். அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் ஆட்டம் முடிய இன்னும் நான்கு நிமிடங்கள் இருந்தன.

கைகள் அடங்கின. சிரிப்பும் அடங்கியது. அந்த அமைதியை நான் எத்தனை மாதங்கள் எதிர்பார்த்திருந்தேன் என்பது தங்களுக்கு விளங்காது. தமிழ்வேந்தன் பலகையை எறிந்துவிட்டுக் குதித்தான். உயிரற்ற அவளை வரப்பின்மேல் சாய்த்து, “வாத்தியாரே, வாத்தியாரே” என்று என்னையே அழைத்தான்.

விழுந்தவரை ஆட்டம் முடியும்வரை எவரும் தொடலாகாது என்பது ஏழாம் விதி. விசிலை ஊதி, அவனை ஆட்டத்திலிருந்து நீக்கினேன்.